துப்பட்டா முனை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் 'கீது' என்றால் 'இருக்கிறது' என்று மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும், படித்தவள். ஆனால் அவளுக்குத் தெரியாத ஓர் எழுத்து எனக்குத் தெரியும். துணி முனையில் சேங்கொட்டைச் சாறு தொட்டுப் போடுகிற சலவைக்குறிதான் அது. கோடு, புள்ளி, கொக்கி, வட்டம். வீட்டுக்கு ஒரு குறி. நூறு வீட்டுத் துணி ஒன்றாகக் கலந்தாலும் முனையைப் பிடித்துப் பார்த்தால் எந்த வீடு என்று சொல்லிவிடலாம். அந்தக் குறி ஆயுசுக்கும் போகாது. துணி நைந்து கரித்துணி ஆன பிறகும் முனையில் அது மட்டும் நிற்கும்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வெளுப்பு. மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிய தெருக்களில் என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் வீடு வீடாகப் போய் மூட்டை வாங்கி வருவார்கள். நான் ஆற்றங்கரையில் துணி வெளுக்கிற துறையிலேயே இருப்பேன். அந்த வீட்டு ஆட்களை எனக்கு முகம் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது. ஆனால் எந்த வீட்டில் குழந்தை தங்கியது, எந்த வீட்டில் தங்கவில்லை, எந்தப் பெரியவர் படுத்த படுக்கை, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிப் பாயில் படுக்கிறார்கள், எல்லாம் தெரியும். வாயைத்தான் திறக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் மாமியார் சொல்லிவிட்டாள்.

"துணில பாத்தத துறைலயே உட்டுட்டு வந்துரணும். வூட்டாண்ட கொண்டாந்தியோ, நாக்குல சூடு இழுப்பேன்."

இழுக்கக்கூடியவள்தான். பெற்ற மகளுக்கே இழுத்திருக்கிறாள். அந்த நாத்தனாருக்குக் கடைசிவரை காரம் சேராது. விருந்துக்குப் போனால் மோர்ச்சாதம்தான். நாங்கள் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிப்போம், அவளும் சிரிப்பாள்.

பிறகு ஆற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது, என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். கொழுந்தன் மட்டும் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டுக்கொண்டு, பழைய வீடுகளில் பாதியை அதே பழைய குறிகளோடு விடாமல் வைத்திருந்தார். நான் ராயப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு வேலைக்குப் போனேன். அப்போது அந்த நூற்றாண்டு முடிய ஒன்றிரண்டு வருஷம் இருந்திருக்கும். நேற்றுவரை எஸ்டிடி பூத்தாக இருந்த கடையெல்லாம் கம்ப்யூட்டர் வைத்துத் திரைச்சீலை கட்டிக்கொண்ட சமயம். எங்கள் முதலாளி தெற்கத்திக்காரர். என்னை வேலைக்கு எடுத்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆத்தா, படிக்கத் தெரியுமா?"

"தெரியாது நைனா."

"அப்ப நீங்கதான் எனக்கு வேணும். பழைய ஆளு பத்தாங் கிளாசு. வாரவன் எழுதுற லெட்டரயெல்லாம் பின்னால நின்னு படிச்சுத் தெருப் பூரா சொல்லிட்டாம்லா. ஒருத்தனும் வரமாட்டேங்கான்."

தெரியாததற்காக ஒரு வேலை கிடைத்தது எனக்கு அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது. பெருக்குவேன், கண்ணாடி துடைப்பேன், கேட்கிறவர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பேன், வாரம் ஒருமுறை ஆறு அறைத் திரைச்சீலையையும் துவைத்துப் போடுவேன். அந்தத் திரைச்சீலைகளைப் பற்றித் தனியாகச் சொல்லலாம், ஆனால் பேத்தி வேண்டாம் என்கிறாள். பையன்கள் என்னைக் கண்டதும் அவசரமாகப் படத்தை மூடுவார்கள். படம் பார்ப்பதற்கு எழுத்து தெரிய வேண்டாமே. எழுத்து பார்க்கிறவர்கள் மட்டும் என்னைக் கண்டுகொள்ளமாட்டார்கள்.

வருகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. முதலாளி வாசலில் உட்கார்ந்திருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் ஆறு அறையிலும் யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று வரிவரியாக ஓடும். திரைச்சீலை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். வெளியே இவர் கடலை கொறித்துக்கொண்டே, "ரெண்டாம் நம்பரு துபாய்ல வேலை தேடுதாரு. அஞ்சாம் நம்பரு பொண்டாட்டிக்கித் தெரியாம யாருக்கோ கடுதாசி போடுதாரு" என்று எனக்குச் சொல்வார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். துறையில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருக்கும்.

மூன்றாம் நம்பர் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பெண் வாரத்தில் மூன்று நாள் பகலில் வருவாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். சுடிதார், பின்னல், கையில் பாட்டு நோட்டு. வாசலில் இருக்கிற வருகை நோட்டில் ஏதோ ஒரு கிறிஸ்தவப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவாள் என்று முதலாளி சொன்னார். வாயைத் திறந்தால் மயிலாப்பூர். மயிலாப்பூரிலேயே இரண்டு சென்டர் இருந்தும் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தாள் என்றால், அங்கே தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்றுதானே அர்த்தம்.

"எப்பப் பாத்தாலும் ஒரே அட்ரசுதான் ஓடுது. உள்ள போயி என்ன பண்ணுதுன்னே தெரியமாட்டேங்கு" என்று முதலாளி புலம்புவார். கடலைகூட இறங்காது அவருக்கு.

அவள் என்ன பண்ணுகிறாள் என்று எனக்குத் தெரியும். அவளே சொன்னாள். ஒருநாள் நான் டீயோடு போனதும் எழுந்திருக்கப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்கதானா பாட்டி. நில்லுங்கோ, பரவாயில்லை. உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே."

அன்பாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மனசில் இருப்பதைச் சொல்ல அவளுக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது, பாவம்.

அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர் ஊரே கும்பிடுகிற மனிதர். மார்கழியில் அவர் வீட்டு வாசலில் கார் நிற்க இடம் இருக்காது. தனியாகப் பாடம் கேட்கப் போகிற பெண்களிடம் அவர் கை எங்கே போகும் என்பது அங்கே படிக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கமாட்டாள். திறந்தால் அதோடு மேடை போயிற்று. இவள் அதை எழுதி இரண்டு பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறாள். ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. இன்னொன்றில் இருந்தவர் அந்தக் கடிதத்தை நேராக அந்தப் பெரிய மனிதர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நல்லவேளை, அதில் பெயர் போட்டிருக்கவில்லை. அதன் பிறகுதான் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டு, இவள் கதையும் மற்றப் பெண்கள் கதையும் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள். அமெரிக்காவில் இருக்கிற மாமிகள் படித்துவிட்டு மயிலாப்பூருக்குப் போன் போட்டுக் கேட்கிறார்களாம்.

"அப்போ யாருன்னு கண்டுக்க மாட்டாங்களா கண்ணு?" என்று கேட்டேன்.

"முடியாது பாட்டி. இது முக்காடு மாதிரி. முதல்ல இந்தப் பக்கத்துக்குள்ள போயிடுவேன். இதுக்குள்ளேர்ந்துதான் இன்னொரு பக்கத்துக்குப் போவேன். வெளியிலேர்ந்து பாக்கறவாளுக்கு முக்காடுதான் தெரியும், மூஞ்சி தெரியாது. எம் பேர் மட்டும் தெரிஞ்சுதுன்னா எங்க அப்பா என்னை உயிரோட விடமாட்டார். அவர் அந்தப் பாட்டு மாமாவோட பரம பக்தர்."

"ஐயிரு வூட்ல முக்காடு ஏது?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நான் எந்த வீடுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேசறயே, அதான்."

சிரித்துவிட்டாள். "மயிலாப்பூர்ல எத்தனையோ பேர் இப்படிப் பேசறா. பேச்சை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது."

அது உண்மைதான். நான் பேச்சை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. முதல் நாளே நாற்காலிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த அவள் துப்பட்டாவின் முனையைப் பார்த்துவிட்டேன். இரண்டு குத்துக்கோடு, மேலே ஒரு கொக்கி, கீழே மூன்று புள்ளி. வாசலில் பச்சை கேட் வைத்த 'பச்சை கேட்டு வீடு'. அந்தக் குறியை என் கையாலேயே முந்நூறு துணிக்குப் போட்டிருப்பேன். அந்த வீட்டு இரண்டு மூத்த பெண்களின் கூறைப்புடவையும் என் கையில் அலசி உலர்ந்தவைதான். இவள் கடைசிப் பெண். சின்ன வயசில் படுக்கையை நனைப்பாள், ஏழு வயசுவரைக்கும். இதை எல்லாம் மனசுக்குள் வைத்துக்கொண்டு அவளுக்கு டீ கொடுப்பது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. முதலாளிக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சொல்லாமல் வைத்திருந்தேன். அதுவரைக்கும் மாமியார் பேச்சைக் காப்பாற்றினேன்.

ஒருநாள் வெள்ளை வேட்டி, தங்க விளிம்பு கண்ணாடி, நெற்றியில் சந்தனத்தோடு ஒரு பெரியவர் வந்தார். கையில் அந்த இன்டர்நெட் பக்கத்தை அச்செடுத்த ஒரு கட்டுக் காகிதம். அந்தப் பாட்டுக்காரருக்கு வேண்டியவராம், ஏதோ சபா காரியதரிசியாம். ஊரில் இருக்கிற சென்டருக்கெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். காகிதத்தை முதலாளி முன்னால் போட்டு, "இதை எழுதறவா இங்க வரதுண்டா?" என்று கேட்டார்.

பெரிய ஆள் என்றதும் முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மூன்றாம் நம்பர் விஷயத்தையும் சொல்லிவிட்டார். "ஒரு பொண்ணு வருது சார். ஆனா அது எழுதுதா, வேற என்ன பண்ணுதுன்னு நம்மால பாக்க முடியல. பேரும் நெசப் பேரு மாதிரித் தெரியல."

"உள்ள போய்ப் பாத்தவா யாரும் இல்லையா?"

"இந்த ஆத்தாதான் டீ கொண்டு போவாவ. ஆனா படிக்கத் தெரியாது."

பெரியவர் என்னைப் பார்த்தார். ஈரத்தரையில் கால் வைக்கலாமா என்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. "கைநாட்டா? அதுக்கு சுவத்தைக் கேக்கலாம்."

முதலாளி சிரித்தார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் பேசாமல் தம்ளர் கழுவப் போயிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"கொளத்துக்கு வடக்கால ரெண்டாவது தெரு" என்றேன். "பச்சை கேட்டு வூடு. மூணு பொண்ணு. ரெண்டு பேரைக் கட்டிக் குடுத்தாச்சு. இது கடைசி. எழுதறதும் இதுதான். எங்கிட்டயே சொல்லிக்கினு கீது."

பெரியவர் வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். முதலாளி எழுந்தே விட்டார். "ஆத்தா, எப்படி ஆத்தா?" என்றார். நான் குறியைச் சொன்னேன். தரையில் சிந்தியிருந்த தண்ணீரைத் தொட்டு மேஜையில் போட்டுக் காட்டினேன். இரண்டு கோடு, கொக்கி, மூன்று புள்ளி. ஏழு கம்ப்யூட்டரும் இரண்டு படித்த ஆம்பிளையும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் குனிந்து என் எழுத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் ஆள் மூலம் ஒரு பட்டுப்புடவை அனுப்பினார். புதுசு என்றான் கொண்டுவந்தவன். மடிப்பைப் பிரித்தால் முனையில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அவர் வீட்டு அம்மா கட்டிக் கழித்தது. அதற்காக வேண்டாம் என்று சொல்வேனா? பட்டு பட்டுதான்.

அதற்கு அடுத்த நாள் அந்தப் பெண் வந்தாள். தனியாக வரவில்லை, அவள் அப்பா கூட வந்தார். எழுதியதை எல்லாம் எங்கே உட்கார்ந்து எழுதினாளோ அங்கேயே உட்கார்ந்து அழிக்கவேண்டும் என்பது அவர் தீர்ப்பு. திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவள் பின்னல் இருந்த இடத்தில் கழுத்துவரைக்கும் வெட்டிய முடி இருந்தது, கோணல்மாணலாக. வீட்டுக் கத்தரிக்கோலால் கோபத்தில் வெட்டினால்தான் அப்படி வரும்.

முதலாளி சொல்லி நான் டீ கொண்டுபோனேன். அப்பாவுக்குப் போன் வந்தது என்று முதலாளி கூப்பிட, அவர் நாலு எட்டு நகர்ந்து வாசலுக்குப் போனார். அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"பாட்டி, ஒண்ணுமே புரியலை. கம்ப்யூட்டர்லேர்ந்து தெரிஞ்சிருக்க முடியாது. நான் எல்லாம் சரியாத்தான் பண்ணினேன். எப்படிக் கண்டுபிடிச்சா?"

மறைப்பானேன் என்று அவள் தோளில் கிடந்த துப்பட்டாவின் முனையை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். "இதோ கீது பாரு. உங்க வூட்டுக் குறி."

அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சேங்கொட்டை எங்கே போகும்?

"இத்தனை நாளா என் முதுகுலயே எழுதியிருந்திருக்கு" என்றாள். பிறகு, "சொல்லாம இருந்திருக்கலாமே பாட்டி" என்றாள்.

"என்னப் பாத்து சுவருன்னாரும்மா அந்த ஆளு."

அவள் அந்த முனையை விரலில் சுற்றிக்கொண்டாள். "நானும் உங்களைச் சுவர்னுதான் நெனச்சிண்டு பேசிண்டிருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

வாசலிலிருந்து அப்பா, "என்ன பேச்சு அங்க? அழிச்சாச்சா?" என்றார்.

"அழிச்சாச்சு" என்றாள். டீயைத் தொடவில்லை. ஆறிய டீயை நான்தான் குடித்தேன்.

மிச்சத்தைக் கொழுந்தன் வந்து சொன்னார். அந்தப் பாட்டுக்காரர் வீட்டுக் கூடத்தில் எல்லாச் சிஷ்யைகளையும் உட்கார வைத்து, நடுவில் இவளை விழுந்து கும்பிடச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியது எல்லாம் பொய் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னாள். அவர் பெருந்தன்மையாக ஆசீர்வாதம் பண்ணிவிட்டு ஒரு பாட்டுப் பாடச் சொன்னாராம். பாட ஆரம்பித்ததும் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, "சுருதியே சேரலையே" என்றாராம். எல்லாரும் சிரிக்கவேண்டியிருந்தது. மற்றப் பெண்களும் சிரித்தார்கள், சிரிக்காவிட்டால் அடுத்தது யார் என்று பார்ப்பார்களே. தை பிறந்ததும் அவளைக் கல்யாணம் பண்ணி வடக்கே எங்கோ அனுப்பிவிட்டார்கள்.

கொழுந்தன் இதைச் சொல்லிவிட்டு என் வாசலில் காறித் துப்பினார். "பச்சை கேட்டு வூட்ல மெஷின் வாங்கிட்டாங்கோ. அந்தத் தெருவுல நாலு வூடு இனிமே துணி போடாது. வண்ணாத்தி வாயத் தொறந்துட்டான்னு தெருவே பேசுது. எங்கம்மா உயிரோட இருந்திருந்தா சட்டுவத்தப் பழுக்கக் காய்ச்சியிருக்கும், அண்ணி."

"காய்ச்சட்டுமே. இப்ப பல்லுகூட இல்ல, மோர்ச்சாதந்தான் துன்றேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவுமில்லை.

அடுத்த மார்கழிக்கு முன்னால் அந்தப் பெரியவர் மறுபடியும் எங்கள் சென்டருக்கு வந்தார். முன்னைவிடத் தடியாக ஒரு கட்டுக் காகிதம். பாட்டுக்காரரைப் பற்றி மறுபடியும் ஒரு பக்கம் வந்துவிட்டதாம். இந்தத் தடவை ஒருத்தி எழுதுகிற மாதிரி இல்லை, நாலைந்து பேர் எழுதுகிறார்களாம். பழைய பெண்ணின் கதையும் அதில் முழுசாக இருக்கிறதாம், முடி வெட்டியதுவரைக்கும். இப்போது அவர் முதலாளியிடம் கேட்கவே இல்லை, நேராக என்னிடம் வந்தார்.

"இங்க வர பொண்களை நன்னாப் பாத்து வைம்மா. யார் ஆத்துப் பொண்ணுன்னு சொல்லு. உனக்குத்தான் அந்த வித்தை தெரியுமே."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சரி சாமி என்றேன்.

அந்த வாரமே மூன்று பெண்கள் சேர்ந்து வந்தார்கள். பாட்டு நோட்டு கையில், மயிலாப்பூர்ப் பேச்சு. இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக மூன்று அறை எடுத்துக்கொண்டார்கள். முதலாளி பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்து, "மூணுலயும் அதே அட்ரசு" என்றார். நான் டீத்தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த மூன்றில் முதல் அறையில் துப்பட்டா நாற்காலி முதுகில் தொங்கியது. முனையைப் பார்த்தேன். முனை இல்லை. இன்னொரு முனையையும் பார்த்தேன். அதுவும் இல்லை. மறுபக்கம் இரண்டும் அப்படியே. அடுத்த அறையில் இருந்தவளுக்கும் நாலு முனையும் வட்டமாக வெட்டியிருந்தது. மூன்றாவது பெண் நான் குனிந்து தேடுவதைப் பார்த்துவிட்டாள். அவளே துப்பட்டாவை இழுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இதைத்தானே தேடறேள் பாட்டி? நன்னாப் பாத்துக்கோங்கோ. டீயை அங்க வெச்சுட்டுப் போங்கோ."

சாயங்காலம் பெரியவர் வந்து கேட்டார். "முனை இல்ல சாமி" என்றேன்.

"என்னது?"

"துப்பட்டாவுக்கு முனை இல்ல."

"உளறாதே. பட்டுப்புடவை வாங்கிக் கட்டிக்கத் தெரிஞ்சுதோல்லியோ? உன்னைக் கேக்கறதுக்கு சுவத்தைக் கேக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி இந்தத் தடவையும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். என் எழுத்தையே அந்தப் பெண்கள் வெட்டியெடுத்துவிட்டதற்காகச் சிரிக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

அந்தத் துப்பட்டா முனைகளில் இருந்தது கோபத்தில் வெட்டிய வெட்டு இல்லை. அந்தப் பெண் என் முகத்துக்கு நேரே நீட்டினாளே, அப்போது கிட்டத்தில் பார்த்தேன். நூல் பிரியாமல் ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து, துணியின் நிறத்திலேயே நூல் எடுத்து, எறும்பு ஊர்கிற மாதிரிச் சின்னச் சின்னத் தையல். மூன்று துப்பட்டாவிலும் ஒரே கை. நல்ல கை. யார் கை என்று மட்டும் தெரியவில்லை.